குரோசவாவின் நாகசாகிப் பாட்டி: இந்தப் படம் யாரைப் பற்றியது?

கேள்வி, ஆகஸ்ட் 1

"ராப்சடி இன் ஆகஸ்ட் படம் பார்த்தேன், 1991இல் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவா எடுத்தது. கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போகிறார்கள், தாத்தா அணுகுண்டில் செத்த கதை தெரிய வருகிறது, அமெரிக்காவிலிருந்து ஒரு சொந்தக்காரர் வந்து மன்னிப்புக் கேட்கிறார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜப்பான்காரன் மற்ற நாடுகளில் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? மலேசியாவில் இருக்கும் நாம் இதை நம் பிள்ளைகளுக்கு எதற்குக் காட்ட வேண்டும்?"

ஆகஸ்ட் 1, இரவு

நான் காட்டிவிட்டேன். மகள் படிவம் நான்கு, பதினாறு வயது. முதல் அரை மணி நேரம் கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை, அப்புறம் வைத்தாள்.

உங்கள் கோபம் புரிகிறது, அதற்கு வருகிறேன். முதலில் ஒன்று. அந்த மன்னிப்புக் காட்சியைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள், ரிச்சர்ட் கியர் ஜப்பானிய மொழியில் பேசி நடித்திருப்பதால் அது கண்ணில் படுகிறது. எனக்குப் படம் அங்கே இல்லை. பாட்டி கானேவிடமும் இல்லை, பேரப்பிள்ளைகள் நான்கு பேரிடமும் இல்லை. நடுவில் இருக்கிறார்களே, பாட்டியின் மகன் டாடாவோவும் அவர் தங்கையும், அவர்களைப் பற்றிய படம் இது. படத்தில் ரொம்ப நேரம் அவர்கள் ஹவாயில் இருக்கிறார்கள். அங்கே பாட்டியின் அண்ணன், எப்போதோ கப்பல் ஏறிப்போய் அன்னாசித் தோட்டம் போட்டுப் பெரிய பணக்காரர் ஆனவர், சாகக் கிடக்கிறார், தங்கையைப் பார்க்க வேண்டும் என்கிறார். பாட்டிக்கு அவர் நினைவே இல்லை. இத்தனை உடன்பிறப்புகளில் இவன் யார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். மகனும் மகளும் அதற்குள் தோட்டத்தைப் பார்த்துவிட்டார்கள்.

தாத்தா ஆகஸ்ட் 9 அன்று செத்தார் என்று பிள்ளைகள் ஹவாய்க்கு எழுதிவிட்டதும் பெற்றோருக்குப் பதற்றம். அமெரிக்கச் சொந்தக்காரர்களிடம் அணுகுண்டைப் பற்றி யார் பேசச் சொன்னது, இனி உறவே விட்டுப்போகும் என்று. அவர்கள் இத்தனை காலம் அந்தச் சாவைச் சொல்லாமல்தான் உறவு கொண்டாடியிருக்கிறார்கள். அது தெரிந்ததும் பிள்ளைகள் பெற்றோரைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, மகள் அந்த இடத்தில் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் முறுக்கு எடுக்க எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2

"உங்களுக்கு ஏன் டாடாவோ மேல் இவ்வளவு அக்கறை" என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

என் தாத்தா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வலது முழங்காலுக்குக் கீழே ஒரு குழி, என் கட்டைவிரல் உள்ளே போகும். சின்ன வயதில் கேட்டால் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், நாய் கடித்தது என்பார். சயாமுக்கு ஏன் போனீர்கள் என்று கேட்டால் கம்பிச் சடக்கு (ரயில்பாதை) போட என்பார். இரண்டும் ஏதோ கூலி வேலைக்குப் போன இடத்தில் நடந்ததாகத்தான் எனக்குத் தோன்றியது. ஐந்தாம் படிவம் முடிந்து தேர்வு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து அவரே ஒருநாள் சொன்னார். நான் கேட்கவில்லை.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த போர்க்காலம். பக்கத்துப் பட்டணத்தில் இலவசப் படம் போடுகிறார்கள் என்று அறிவித்தானாம். இளந்தாரிகள் எல்லாம் போயிருக்கிறார்கள். உள்ளே நிறைந்ததும் கதவைப் பூட்டி, அப்படியே லாரியில் ஏற்றி, ரயில் பெட்டியில் அடைத்துச் சயாம். அவருக்கு அப்போது இருபதுகூட இல்லை. என்ன படம் தாத்தா என்று கேட்டேன். "எங்கடா போட்டான்" என்றார், சிரித்தார். சாகும்வரை அவர் எந்தத் தியேட்டருக்குள்ளும் காலடி வைத்ததில்லை, அதன் காரணம் அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது.

நாய் கடிக்கவில்லை. மூங்கில் கிழித்த காயம் புண்ணாகி எலும்பு தெரிந்திருக்கிறது. கூலிகளுக்கு டாக்டர் கிடையாது. பக்கத்துக் குடிசைக்காரர் மூங்கில் சிம்பைச் சீவி அழுகின சதையைச் சுரண்டி எடுத்தாராம், தாத்தாவின் வாயில் துணியைத் திணித்துவிட்டு. அந்த மனிதர் பிறகு காலராவில் போய்விட்டார்.

இதைச் சொல்லும்போது அப்பா உள்ளே இருந்தார். வெளியே வந்து, "சின்னப் பையன்கிட்ட என்னப்பா இதெல்லாம்" என்றார். தாத்தா பேச்சை நிறுத்திவிட்டார். என் டாடாவோ அவர்தான்.

ஆகஸ்ட் 3

"கேள்விக்குப் பதில் வரவில்லை" என்கிறீர்கள். சரி.

படம் கான் திரைப்பட விழாவில் போட்டிக்கு வெளியே திரையிடப்பட்டபோதே இந்தக் கேள்வி வந்துவிட்டது. ஏன் குண்டு போட்டார்கள் என்பதைச் சொல்லாமல் குண்டு போட்டதை மட்டும் சொன்னால் எப்படி என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். போர் அரசாங்கங்களுக்கு இடையில் நடப்பது, மக்களுக்கு இடையில் அல்ல என்கிற மாதிரி குரோசவா பதில் சொன்னார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. என் தாத்தாவை லாரியில் ஏற்றியது அரசாங்கம் இல்லையே, சட்டை போட்ட, கையில் துப்பாக்கி வைத்திருந்த ஆட்கள்.

கணக்குத் தெரியாதவர்களுக்காக: சயாம் பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல், அதில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியக் கூலிகள், அதாவது மலாயாத் தமிழர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், இவர்களுக்கு யாரும் ஒழுங்காகப் பேரேடு வைக்கவில்லை. 1,80,000 பேர் அல்லது அதற்கும் மேல் என்றும், செத்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்றும் மதிப்பிடுகிறார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, புல் வெட்டி, பெயர் பொறித்து, கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள். நானும் போய்ப் பார்த்தேன். எல்லாப் பெயரையும் படித்துக்கொண்டே நடந்தேன், ஒரு முனியாண்டியோ ஒரு காளியம்மாவோ இல்லை.

அதனால் படத்தின் மேல் கோபப்பட எனக்கும் உரிமை உண்டு. நாகசாகியிலேயே அன்று செத்தவர்களில் கொண்டுவரப்பட்ட கொரியத் தொழிலாளர்கள் ஏராளம். அவர்களுக்கென்று அங்கே ஒரு நினைவுக்கல் 1979இலேயே வைக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகள் நினைவிடங்களைச் சுற்றிப் பார்க்கும் நீண்ட காட்சியில் அது என் கண்ணில் படவில்லை. இது குறைதான், பூசி மெழுக மாட்டேன்.

ஆனால் அந்தக் காலத்தில் நாகசாகி எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்நகர மேயர் ஹிதோஷி மோதோஷிமா, 1988 டிசம்பரில், போருக்குச் சக்கரவர்த்திக்கும் பொறுப்பு உண்டு என்று நகர மன்றத்தில் சொன்னார். 1990 ஜனவரியில் ஒரு வலதுசாரி அவரை முதுகில் சுட்டான். பிழைத்துக்கொண்டார். படம் திரைக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. அந்த ஊரில் வாயைத் திறக்க என்ன விலை என்று அப்போது எல்லாருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 3, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்துவிட்டு மகள் சொன்னது: "அப்பா, படத்தில் பாட்டி சமையல் வாயில் வைக்க முடியவில்லை என்று பிள்ளைகள் சொல்வார்களே, அதைப் பற்றி யாருமே எழுதவில்லை." எழுதிவிட்டேன் அம்மா. பேத்தி சமையலறையைக் கைப்பற்றுவதும் பாட்டி வஞ்சகமில்லாமல் சாப்பிடுவதும் நல்ல காட்சிகள். எங்கள் வீட்டில் நடந்திருந்தால் பாட்டி மூன்று நாள் பேசியிருக்க மாட்டாள்.

ஆகஸ்ட் 5

ஈப்போ நண்பர் ஒருவர், "டாடாவோ வெறும் பேராசைக்காரர், உங்கள் அப்பாவை அவரோடு ஒப்பிடுவது அநியாயம்" என்று எழுதியிருக்கிறார். நேற்றெல்லாம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பேராசை இல்லை. 1982இல் அன்றைய பிரதமர் மகாதீர் கிழக்கை நோக்கும் கொள்கை என்று அறிவித்தார், நினைவிருக்கிறதா? ஜப்பானைப் பார், கொரியாவைப் பார், அவர்களைப் போல உழை. ஜப்பானியத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தைவிட்டு வெளியேறியே தீருவது என்று இருந்த அப்பாவுக்கு ஷா ஆலமில் அப்படி ஒன்றில் வேலை கிடைத்தது. தொப்பி, சாம்பல் நிறச் சட்டை, காலையில் வரிசையில் நின்று உடற்பயிற்சி. எங்களுக்குத் தண்ணீரும் மின்சாரமும் உள்ள வீடு, எனக்குப் பட்டணத்துப் பள்ளிக்கூடம், எல்லாம் அந்தச் சம்பளத்தில் வந்ததுதான். ஒருமுறை அவருடைய ஜப்பானிய மேலாளர் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தார். சிவந்த முகம், நல்ல மனிதர், அதிரசத்தை ரசித்துச் சாப்பிட்டார். அன்றைக்குத் தாத்தாவை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. தாத்தாவும் கேட்கவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேருந்து ஏறினார்.

இப்போது அந்தப் படத்தை மறுபடி பாருங்கள். ஜப்பானிய மகன், தகப்பனின் சாவை அமெரிக்கக்காரனிடம் சொல்லக் கூசுகிறார், ஏனென்றால் பிழைப்பு அந்தப் பக்கம் இருக்கிறது. மலாயாத் தமிழ் மகன், தகப்பனின் காலை ஜப்பான்காரனுக்குக் காட்டக் கூசுகிறார், ஏனென்றால் பிழைப்பு அந்தப் பக்கம் இருக்கிறது. ஒரே ஆள்தான். குரோசவாவுக்கு எங்கள் தோட்டத்தைத் தெரிந்திருக்காது, ஆனால் தோற்றவன் வீட்டுப் பிள்ளை ஜெயித்தவன் வீட்டில் வேலைக்குப் போவதை அவர் நாற்பத்தைந்து வருடம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். அதனால்தான் முதல் கேள்விக்கு, ஆம் காட்டுங்கள் என்கிறேன். ஜப்பான் செய்தது இந்தப் படத்தில் இல்லை, உண்மை. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் நாம்தான் உட்கார்ந்திருக்கிறோம், படம் ஓடும்போது பக்கத்து நாற்காலியில். பிள்ளை கேட்கும், அப்போது சொல்ல வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 6

சில்லறை விஷயங்கள்.

"அமெரிக்கா மட்டும் இன்றுவரை நாகசாகி அமைதிப் பூங்காவில் சிலை வைக்கவில்லை" என்று ஒருவர் எழுதியிருப்பது சரியில்லை. படத்தில் பிள்ளைகள் சோவியத் யூனியன், சீனா, போலந்து என்று ஒவ்வொரு நாடும் அனுப்பிய நினைவுச்சின்னமாகப் பார்த்துக்கொண்டே போவார்கள், அமெரிக்காவுடையது இருக்காது. எடுத்தபோது அதுதான் நிலை. 1992இல், படம் வந்த அடுத்த வருடம், மினசோட்டாவின் செயின்ட் பால் நகரம் ஒன்றை அனுப்பியது. அந்த ஊரும் நாகசாகியும் 1955 முதல் சகோதர நகரங்கள்.

கிளார்க் வெளியாள் இல்லை. ரிச்சர்ட் கியர் நடித்த அந்தப் பாத்திரம் ஹவாய் அண்ணனின் மகன், பாதி ஜப்பானியன், பாட்டிக்கு மருமகன் முறை. எனவே அமெரிக்கா மன்னிப்புக் கேட்கிறது என்று எடுத்துக்கொள்வது கொஞ்சம் அதிகம். அத்தை புருஷன் எப்படிச் செத்தார் என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று ஒரு அண்ணன் மகன் வெட்கப்படுகிறான், அவ்வளவுதான். பாட்டி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை, பரவாயில்லை என்று முடித்துவிடுகிறாள். அவளுக்கு அமெரிக்கர்கள் மேல் வெறுப்பு இல்லை, போர்தான் காரணம் என்கிறாள். போரை நிறுத்தத்தான் குண்டு போட்டோம் என்று சொன்னவர்கள் மேல் மட்டும் அவளுக்கு ஆத்திரம், அப்புறமும் போர் நிற்கவில்லையே என்று.

எனக்குப் பிடித்த காட்சியை யாருமே சொல்லாததால் நானே சொல்கிறேன். இன்னொரு கிழவி வருகிறாள், அவள் கணவனும் குண்டில் போனவர். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, வந்தவள் எழுந்து போகிறாள். ஏன் பேசவில்லை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அதுவும் பேச்சுதான் என்கிற மாதிரி பாட்டி ஏதோ சொல்கிறாள். நடித்த சாச்சிகோ முராசேவுக்கு அப்போது எண்பத்தைந்து வயதுக்குப் பக்கம். இயக்குநருக்கே எண்பது. அவசரமே இல்லை அந்தக் காட்சியில்.

வானத்தில் தெரியும் பெரிய கண்? எனக்கும் அது கொஞ்சம் ஓவராகத்தான் பட்டது. மகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. போகட்டும்.

ஆகஸ்ட் 7

தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளிடம் மட்டும் மனம் திறப்பது ஏன் என்று கேட்டவருக்கு: அன்பு அதிகம் என்பது பாதிதான். பெற்ற பிள்ளையிடம் சொன்னால் அது அவன் தலையில் பாரமாக இறங்கும், அவன் ஏதாவது செய்தாக வேண்டும், அல்லது செய்யாமல் இருந்த குற்ற உணர்ச்சியில் கத்துவான். பேரனிடம் சொன்னால் அவன் "அப்புறம்?" என்பான்.

இப்படித்தான் எழுதி வைத்தேன், ஆனால் இரவில் யோசித்தபோது அதிலும் முழுத் திருப்தி இல்லை. நாகசாகியில் பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் வாயைத் திறக்காததற்கு இன்னொரு காரணம் உண்டு. கதிர்வீச்சு பட்ட வீட்டுப் பெண் என்று தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும், வேலை கிடைக்காது. மறைத்தது பிள்ளைகளின் நலனுக்காகவேதான். அப்படி வாய்மூடி இருந்தவர்களில் ஒரு பகுதியினர் பிறகு வெளியே வந்து, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசினார்கள். அவர்களுடைய அமைப்பான நிஹோன் ஹிதான்கியோவுக்கு 2024இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. எங்கள் தோட்டங்களில் அப்படி எழுந்து பேச ஆரம்பிப்பதற்குள் பெரும்பாலான கிழவர்கள் போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 9

காலை 11:02க்குக் குண்டு விழுந்த நாள். முதல் இலக்கு கோகுரா, அங்கே மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. அந்த ஆண்டு முடிவதற்குள் செத்தவர்கள் சுமார் 74,000.

இன்று அப்பாவோடு படத்தைப் பார்த்தோம். மகள்தான் கூட்டிவந்து உட்கார வைத்தாள். எனக்குத் துணிச்சல் வந்திருக்காது. பேரன் அந்தப் பழைய ஆர்மோனியத்தைப் பழுதுபார்க்கும் இடங்களில் தூங்கிவிட்டார், டாடாவோ ஹவாயிலிருந்து திரும்பியதும் விழித்துக்கொண்டார்.

படம் முடிந்ததும் அப்பாவின் முதல் வார்த்தை: "அந்த ஆள் என்ன தப்பு பண்ணினான்?"

மகள் பிடித்துக்கொண்டாள். தன் அப்பா எப்படிச் செத்தார் என்பதை டாடாவோ மறைத்தது தப்பில்லையா, பணத்துக்காகத்தானே என்று. அப்பா குரலை உயர்த்தவே இல்லை. "உனக்கு மாதாமாதம் டியூசனுக்குக் கட்டுகிறார்களே, அந்தப் பணத்துக்குப் பெயர் என்ன?" என்றார். அப்புறம் இருவரும் மாறி மாறிப் பேசினார்கள், எனக்கு இடமே கொடுக்கவில்லை. கடைசியில், புயல் மழையில் பாட்டி குடையைப் பிடித்துக்கொண்டு நாகசாகியை நோக்கி ஓட, பிள்ளைகளோடு மகனும் மகளும் பின்னால் ஓடுகிறார்கள் அல்லவா, அதை அப்பா சுட்டிக்காட்டினார். "அவனும்தான் ஓடறான், பாத்தியா?" மகளுக்கு அதற்குப் பதில் இல்லை. எனக்கும் இல்லை. முதல் நாள் நான் எழுதியதில் டாடாவோவைக் கொஞ்சம் சுலபமாகத் தள்ளிவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆகஸ்ட் 10

நேற்று நான் தேநீர் கலக்கப் போன நேரத்தில் அப்பா மகளிடம் ஒன்று சொல்லியிருக்கிறார். தாத்தா சயாமிலிருந்து திரும்பித் தோட்டத்துக்குள் நடந்து வந்தபோது 1946 ஆகிவிட்டதாம். அதற்குள் வீட்டில் அவருக்குக் கருமாதியே செய்து முடித்துவிட்டார்கள். லயத்துப் பிள்ளைகள் பேய் என்று ஓடியிருக்கிறார்கள். செத்தவன் திரும்பியதற்கு ஏதோ பரிகாரம் செய்த பிறகுதான் அவருடைய அம்மா சோறு போட்டாளாம்.

இது எனக்குத் தெரியாது. ஐம்பது வயதாகிறது, ஒரே வீட்டில் வளர்ந்தேன், என்னிடம் யாரும் சொன்னதில்லை. நடுவில் உட்கார்ந்திருப்பவன் இப்போது நான் போல.

வேறு என்ன சொன்னார் என்று மகளிடம் கேட்டேன். "இன்னும் நிறைய சொன்னார், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்" என்கிறாள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் இந்த வாரம் முடியாது, அப்பாவுக்கு நாளைக்குப் பல் பிடுங்குகிறார்கள்.

படம் எவ்வளவு நேரம் என்று கேட்டவருக்கு: 98 நிமிடம். பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் உட்காருவார்கள். முதல் அரை மணி நேரம் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள்.